மாப்பிள்ளை ஊற்றிய ஆயில்

எங்கள் வீட்டு மாப்பிள்ளை வருகிறார் என்று தெரிந்தால் நான் முதலில் ஸ்பேனரை ஒளித்து வைப்பேன். அப்புறம் ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர். வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சாமான் எதுவோ அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடுவேன். கெட்டுப்போனதை அவர் கண்ணில் படும்படி எடுத்து வைப்பேன். அதனால் ஒரு பலனும் கிடையாது. கெட்டதை அவர் தொட மாட்டார். ஓடுவதுதான் அவருக்கு வேண்டும்.

அவர் இறந்து வருஷத் திதியும் முடிந்துவிட்டது. தங்கமான மனுஷன், உதவிக்கு முதல் ஆள் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். செத்தவரைப் பற்றி வேறு விதமாகப் பேசக் கூடாதாம். நான் பேசுவேன். உயிரோடு இருந்தபோது மாப்பிள்ளை என்று வாயை அடைத்தார்கள். இப்போது செத்துவிட்டார் என்று அடைக்கிறார்கள். பிறகு எப்போதுதான் பேசுவது?

மாப்பிள்ளை என்றால் என் கணவருடைய அக்காவின் கணவர். எனக்கு அண்ணன் முறை. காட்டூரில் சொந்த வீடு. திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில், லாரிகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆனால் வந்துவிடுவார். பெரிய உடம்பு. பேன்ட் பின்பாக்கெட்டில் எப்போதும் ஒரு அழுக்குத் துணி தொங்கும். உள்ளே வந்ததும் "எப்படி இருக்கீங்க" என்று கேட்க மாட்டார். நின்ற இடத்திலேயே காதைச் சாய்த்துக் கேட்பார். "ஃபேன்ல ஒரு சத்தம் வருதே" என்பார். எங்களுக்குக் கேட்காத சத்தமெல்லாம் அவருக்குக் கேட்கும்.

அவருக்கு ஒரு பழக்கம். எதைக் கண்டாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். எண்ணெய், இட்லி மாவு, கொத்தனார் குழைத்து வைத்த சிமென்ட், என் பட்டுப்புடவையின் தலைப்பு, எதுவாக இருந்தாலும் சரி. தேய்த்துவிட்டுச் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "கெட்டி பத்தாது."

எங்கள் வெட் கிரைண்டரில் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இறுக்கினார். நான் சாப்பாடு செய்து விற்பவள். அந்தக் கிரைண்டர்தான் எனக்குப் பாதித் தொழில். "அண்ணே, அது நல்லா ஓடுதுண்ணே" என்றேன். "ஓடுதும்மா, எப்படி ஓடுதுங்கறதுதான் விஷயம்" என்றார். மறுநாள் விடியற்காலை அரிசியைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினேன். மோட்டாரிலிருந்து புகை வந்தது. ஊறிய அரிசியைத் தூக்கிக்கொண்டு நான் தெருத் தெருவாக மாவு மில் தேடி ஓடினேன். அடுத்த ஞாயிறு வந்தவரிடம் சொன்னேன். "பாத்தியா, மோட்டார் ஏற்கெனவே வீக்கா இருந்திருக்கு. நான் கை வெச்சதாலதான் இப்பவே தெரிஞ்சுது" என்றார். என் மாமியார் "ஆமாம், மாப்பிள்ளை சொல்றது சரிதானே" என்று காபியை நீட்டினார்.

இதுதான் எங்கள் வீடு. வீட்டு மாப்பிள்ளை முகம் வாடக் கூடாது. வாடினால் அங்கே காட்டூரில் மகள் முகம் வாடும் என்று மாமியாருக்குப் பயம். அந்தப் பயத்தில் எத்தனையோ வருஷமாக யாரும் அவரிடம் 'வேண்டாம்' என்று சொன்னதே இல்லை. பெரிய ஆம்பிளை ஒருத்தரிடம் அவ்வளவு காலம் யாருமே வேண்டாம் என்று சொல்லாவிட்டால் அவர் என்ன ஆவார்? எங்கள் மாப்பிள்ளை மாதிரிதான் ஆவார்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். என் மாமனார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அவருக்குச் சவரம் செய்துவிடக் காட்டூரிலிருந்து பஸ் பிடித்து வந்தது இவர்தான். பெற்ற மகன் செய்யவில்லை. வெந்நீர் வைக்கச் சொல்லி, மாமனாரின் தாடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கீறல் இல்லாமல் வழித்துவிடுவார். "மாமா, கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க" என்று கண்ணாடியைக் காட்டுவார். அதை நான் மறக்கவில்லை. ஆனால் அதை வைத்து இதைக் கழிக்கச் சொன்னால் கழிக்க மாட்டேன். அது வேறு, இது வேறு.

இது என்றால் வண்டி.

அரியமங்கலத்தில் ஒரு பட்டறைக்கு மதியச் சாப்பாடு கொடுக்க எனக்கு ஆர்டர் கிடைத்தது. லேத்தில் நிற்கிற ஆட்கள். மணி அடித்ததும் சாப்பாடு எதிரில் இருக்க வேண்டும். ஆட்டோவை நம்பி அதைச் செய்ய முடியாது. அதனால் தஞ்சாவூர் ரோட்டில் பழைய கார் விற்கிற இடத்தில் ஒரு டீசல் கார் வாங்கினேன். பின்சீட்டை மடக்கினால் பாத்திரங்களெல்லாம் உட்கார்ந்துகொள்ளும். ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்ததும் நான், வாங்கியதும் நான். என் கணவருக்கு வண்டி ஓட்டவே தெரியாது.

வாங்கியதும் தென்னூரில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "வண்டி நல்லா இருக்குக்கா. ஆனா ஒண்ணு. இது புது மாதிரி டீசல். புகையில வர்ற கரியைப் பிடிச்சு வைக்க இதுல ஒரு ஃபில்டர் இருக்கு. அதுக்குத் தகுந்த ஆயில்தான் ஊத்தணும். டப்பாவுல 5W-30, பக்கத்துல C3ன்னு போட்டிருக்கும். வேற எதையும் ஊத்திடாதீங்க. முக்கியமா லாரி ஆயில் வேணவே வேணாம்" என்றார். வண்டியோடு வந்த புத்தகத்திலும் அதேதான் போட்டிருந்தது. நான் ஒரு ஸ்டிக்கர் வாங்கி, பெரிய எழுத்தில் அந்த நம்பரை எழுதி பானட்டுக்கு உள்பக்கம் ஒட்டினேன். கீழே 'இது மட்டும்' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

மாப்பிள்ளை வந்தார், பானட்டைத் திறக்கச் சொன்னார், ஸ்டிக்கரைப் பார்த்தார்.

"என்னம்மா இது, ஜுரக்காரன் நெத்தியில துணி போட்ட மாதிரி?"

"மெக்கானிக் சொன்னாருண்ணே."

"அவன் சொல்லுவான். கம்பெனிக்காரன் பொட்டியில எழுதறதெல்லாம் அவன் சரக்கை விக்கறதுக்கு. இஞ்சினுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?"

மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். என் கணவரும் சிரித்தார். நான் பானட்டை மூடினேன். கொஞ்சம் பலமாகவே மூடினேன்.

அப்புறம் ஆயில் மாற்ற வேண்டிய நேரம் வந்தது. சரியான ஆயிலை நானே வாங்கி வீட்டில் வைத்தேன். அந்த வாரம் மணப்பாறையில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். போகும்போது என் கணவரிடம், "தென்னூர் மெக்கானிக் வந்து வண்டியை எடுத்துட்டுப் போவார். இந்த டப்பாவைக் கொடுத்துடுங்க. வேற ஒண்ணும் பண்ண வேணாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். கல்யாணம் முடிந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தேன். சந்தில் வண்டிக்கு அடியில் கறுப்பாக ஒரு குளம். பானட்டைத் திறந்தேன். ஸ்டிக்கரைக் காணவில்லை, பிய்த்த பசை மட்டும் இருந்தது. வீட்டுக்குள் மாப்பிள்ளை உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வண்டியில என்ன ஊத்துனீங்க?"

"வாம்மா, வா. கல்யாணம் நல்லா நடந்துச்சா? சாப்பாடெல்லாம் எப்படி?"

"வண்டியில என்ன ஊத்துனீங்க?"

"ஆயில்தான். பின்ன மோரா ஊத்துவேன்?"

அதே அரியமங்கலத்தில் வேறொரு லாரி பட்டறை வைத்திருக்கும் தன் நண்பரிடமிருந்து கேனில் வாங்கி வந்த லாரி ஆயில். அதைத்தான் ஊற்றியிருக்கிறார். தென்னூர் மெக்கானிக்கை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார். நான் வாங்கி வைத்த டப்பா எங்கே என்று கேட்டேன்.

"அதுவா? தண்ணி மாதிரி ஓடுதும்மா, விரல்ல நிக்கவே மாட்டேங்குது. அதை ஆயில்னு சொல்லி உன் தலையில கட்டியிருக்கான். வீணாக்க வேணாமேன்னு கேட் கீலுக்கெல்லாம் விட்டேன். இப்ப பாரு, சத்தமே வராது."

"யாரைக் கேட்டுண்ணே செஞ்சீங்க?"

நான் கத்தவில்லை. கையில் இருந்த முறுக்கை அவர் தட்டில் வைத்தார். மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார், நான் ஏதோ அவர் சட்டையைப் பிடித்துவிட்டது போல. "யாரைக் கேட்டு" என்று வீட்டு மாப்பிள்ளையைக் கேட்கலாமா? கேட்டுவிட்டேன்.

"நாளைக்கே வடிச்சிட்டு வேற ஊத்தறேன்" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலமே காட்டூரிலிருந்து அண்ணி போன் செய்தார். அண்ணி என்றால் என் நாத்தனார், மாப்பிள்ளையின் மனைவி. போனில் அழுகை. "அவர் ஊத்தினதை நீ வடிச்சேன்னா அவர் மூஞ்சியில துப்பின மாதிரி. அடுத்த மாசம் திருக்கடையூர்ல எங்க அறுபதாம் கல்யாணத்தை வெச்சுக்கிட்டு இந்தச் சண்டை எதுக்கு? உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், வடிக்காதே." மாமியார் ராத்திரி சாப்பிடவில்லை. என் கணவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அறுபதாம் கல்யாணம் முடியட்டும். முடிஞ்ச மறுநாளே மாத்திடலாம். ஆயில்தானே? விஷமா ஊத்திட்டாரு?" என்றார்.

இப்படித்தான் ஒரு குடும்பமே கூடி, தப்பான ஆயில் என் வண்டியிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தது. வேறு எந்த ஊரிலாவது இப்படி நடக்குமா தெரியவில்லை. டாக்டர் தப்பான ஊசி போட்டுவிட்டார் என்றால்கூட எங்கள் வீட்டில் அந்த டாக்டர் மாப்பிள்ளையா என்றுதான் முதலில் கேட்பார்கள். திருட்டுத்தனமாக வடித்துவிடலாம் என்றால், மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, அளவு பார்க்கும் கம்பியை உருவி, ஆயிலை விரலில் தேய்த்துப் பார்ப்பார். அந்த விரலுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

சில வாரத்தில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. "சென்சார் கோளாறு. புது வண்டியெல்லாம் விளக்கு எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும்" என்றார் மாப்பிள்ளை. தென்னூருக்குப் போன் செய்தேன். "லாரி ஆயிலா? உடனே வடிங்கக்கா" என்றார் மெக்கானிக். வீட்டில் சொன்னேன். "திருக்கடையூர் முடியட்டும்" என்றார்கள்.

அடுத்து நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பியை உருவிப் பார்த்தவர் சந்தே கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.

"எல்லாரும் வாங்க! தங்கச்சி, நீ முதல்ல வா! பாரு, ஊத்தினதுக்கு மேல ஏறி நிக்குது! எல்லாரு வண்டியிலயும் ஆயில் குறையும். நம்ம ஆயில் ஏறுது!"

உண்மைதான். மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அளவுக்கு ஏறியிருந்தது. எதிர் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்தார். ஏதோ அட்சய பாத்திரத்தைப் பார்ப்பது போல எல்லோரும் பார்த்தார்கள். மாமியார் உள்ளே போய் உப்பும் மிளகாயும் எடுத்து வந்து வண்டியைச் சுற்றித் திருஷ்டி கழித்தார். "ஊர்க் கண்ணு பட்டுடும் மாப்பிள்ளை, கம்பியை உள்ள வைங்க" என்றார். ஆயில் எப்படித் தானாக ஏறும் என்று அங்கே ஒருவர்கூடக் கேட்கவில்லை. அது ஏன் ஏறுகிறது என்று எனக்கும் அப்போது தெரியாது.

அந்த வாரமே அறுபதாம் கல்யாணப் பத்திரிகை வைக்க ஒரு நாள் காலையில் வந்தார். வைத்துவிட்டு, "அரியமங்கலத்துக்குத்தானே போறே? என்னையும் இறக்கி விட்டுடு. நம்ம லாரி பட்டறைக்காரருக்கும் பத்திரிகை வைக்கணும்" என்று ஏறி உட்கார்ந்தார். பின்னால் சோறு, சாம்பார், கூட்டு, ரசம், மோர் எல்லாம் ஏற்றியிருந்தேன். காவிரிப் பாலத்தில் பாதி தூரம் போயிருப்போம். நான் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கவில்லை. வண்டி தானாக இரைய ஆரம்பித்தது. இரைச்சல் ஏறிக்கொண்டே போனது. க்ளட்சை மிதித்து, பிரேக்கை அழுத்தி இடது ஓரமாக நிறுத்தினேன். வண்டி நின்றுவிட்டது. இஞ்சின் நிற்கவில்லை. கத்துகிறது. அப்படி ஒரு சத்தத்தை நான் எந்த வண்டியிலும் கேட்டதில்லை. பின்னால் பாலமே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை.

"சாவியை எடு! சாவியை எடு!" என்றார் அவர்.

"எடுத்துட்டேண்ணே!"

சாவி என் கையில் இருக்கிறது. இஞ்சின் கத்திக்கொண்டிருக்கிறது. அவர் என் கையில் இருந்த சாவியைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கி, பாலத்துச் சுவர் ஓரமாக ஓடிப்போய் நின்றுகொண்டார். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாகப் போகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

எதிரில் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்த பஸ் ஒன்று என் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார். "ஏம்மா! டாப் கியர்ல போடு! பிரேக்கை விடாத! மிதிச்சுக்கிட்டே க்ளட்சை டக்குன்னு விடு!"

போட்டேன். க்ளட்சை விட்டேன். வண்டி ஒரு குதி குதித்து, உள்ளே ஏதோ உடைகிற சத்தத்தோடு அடங்கியது. அதற்கப்புறம் காவிரிக் காற்று மட்டும் கேட்டது. பஸ் டிரைவர், "இறங்கித் தள்ளி நில்லும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் முகம்கூட எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை.

மாப்பிள்ளை சுவர் ஓரத்திலிருந்து வந்தார். வந்து சொன்ன முதல் வார்த்தை இதுதான். "பழைய வண்டி வாங்காதேன்னு நான் அன்னைக்கே சொன்னேன்."

அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

ஆட்டோ பிடித்துப் பாத்திரங்களை ஏற்றினோம். சாம்பார் அண்டாவை அவர்தான் தூக்கிக் கொடுத்தார். காந்தி மார்க்கெட் நெரிசலைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது பட்டறை ஆட்கள் பரோட்டா கடையில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருந்தார்கள். மேனேஜர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆளுங்களைப் பசியோட நிக்க வெக்க முடியாதுக்கா. நாளையிலேர்ந்து வேற இடத்துல சொல்லிட்டேன்" என்றார். அத்தனை சோற்றையும் திருப்பிக் கொண்டுவந்து, அம்மா மண்டபம் வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் போட்டேன்.

தென்னூர் மெக்கானிக் இஞ்சினைப் பிரித்துக் காட்டினார். "லாரி ஆயில் எரிஞ்சா சாம்பல் விழும்கா. அது ஃபில்டரை அடைச்சிடுச்சு. அடைப்பை எரிக்கிறதுக்கு வண்டி தானாவே கூடுதலா டீசலை விட்டிருக்கு. எரியாத டீசலெல்லாம் கீழ இறங்கி ஆயிலோட கலந்துடுச்சு. அதான் லெவல் ஏறியிருக்கு. கடைசியில இஞ்சின் அந்த ஆயிலையே குடிச்சு எரிய ஆரம்பிச்சிடுச்சு. உயிரோட வந்தீங்களே, அதுவே பெரிசு." திருஷ்டி கழித்தோமே, அந்த ஏற்றம் இதுதான். இஞ்சின் போனது போனதுதான். இரும்புக் கடைக்காரன் வந்து இழுத்துக்கொண்டு போனான்.

மெக்கானிக் சொன்னதை வீட்டில் சொன்னேன். மாப்பிள்ளை காதுக்கும் போனது. "அவனுக்கு என்ன தெரியும்? முன்னாடி வெச்சிருந்தவன் நாசம் பண்ணி வித்திருப்பான்" என்றாராம். அத்தோடு முடிந்தது. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. வேன் பிடித்துக் குடும்பத்தோடு திருக்கடையூர் போனோம். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தவர் காலில் வரிசையாக விழுந்தார்கள். நானும் விழுந்தேன். அவர் என் தலையில் அட்சதை போட்டு, "வண்டி வாகனத்தோட நல்லா இரும்மா" என்று ஆசீர்வாதம் செய்தார். கிண்டல் இல்லை. மனசாரத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதற்கடுத்த வருஷம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். காட்டூர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அவரோடு வேலை பார்த்த ஒருவர் என்னிடம் வந்தார்.

"நீங்கதானா அந்தத் தங்கச்சி? பாலத்துல வண்டி தறிகெட்டுக் கத்தினப்ப, டாப் கியர்ல போடச் சொல்லி உங்களைக் காப்பாத்தினாராமே? எப்பவும் சொல்லிக்கிட்டே இருப்பாரு."

பக்கத்தில் இருந்த மாமியார் என் கையைக் கிள்ளினார். "இல்லீங்க" என்றேன். "அவர் கதவைத் திறந்து இறங்கிட்டாரு. கியர் போடச் சொன்னது ஒரு பஸ் டிரைவர். நிறுத்தினது நான்." கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு ஒரு நாள் அண்ணி அடுப்படியில் என்னைத் தனியாகப் பிடித்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "எங்க காரு இத்தனை வருஷமா எப்படி ஓடுதுன்னு நினைக்கறே?" என்றார். "அவர் ஊத்துவாரு. வெளியூர்ல இருக்கற எங்க பையன் வரும்போது வெளியில எடுத்துட்டுப் போய் அதை வடிச்சிட்டு சரியானதை ஊத்திட்டு வந்துடுவான். அவருக்குத் தெரியவே தெரியாது."

"விரல்ல தேய்ச்சுப் பாப்பாரே அண்ணி?"

"விரல்ல என்ன தெரியும்? ரெண்டு நாள் ஓடினா எல்லா ஆயிலும் கறுப்புதான்."

"இதை அன்னைக்குச் சொல்லியிருக்கலாமே அண்ணி. வடிக்காதேன்னு அழுதீங்களே!"

"நீ அவருக்குத் தெரிய வடிக்கறேன்னு சொன்னே. தெரியாம வடிச்சிருந்தா நான் ஏன் அழப்போறேன்?"

இதைச் சொல்லும்போது அண்ணி முகத்தில் வெட்கமே இல்லை. குடும்பம் நடத்தத் தெரியாத ஒருத்திக்குப் பாடம் சொல்வது போலத்தான் சொன்னார். எனக்கு அந்தப் பாடம் வேண்டாம். அவருடைய வண்டியை அவர் குடும்பம் காப்பாற்றிக்கொண்டது. என் வண்டியை அவருடைய மரியாதைக்குக் கொடுத்தார்கள்.

அவர் எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்த நாளை இன்னும் சொல்லவில்லை. திருக்கடையூர் போய் வந்து சில மாதம் கழித்து, அவர் இறப்பதற்கு முன்னால். கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் போட்டுப் போட்டு நான் மறுபடியும் ஒரு பழைய வண்டி வாங்கியிருந்தேன். இந்தத் தடவை பெட்ரோல். காந்தி மார்க்கெட் பக்கம் இரண்டு கடைகளுக்குச் சாப்பாடு பேசி, மறுநாள் திங்கட்கிழமை ஆரம்பிப்பதாக இருந்தது. அது போனால் எனக்கு வேறு வழி இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார். சந்திலேயே வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பின்பாக்கெட் துணியை எடுத்தார்.

"புது வண்டியா? பானட்டைத் திற, பாப்போம்."

"வேணாம்ணே."

"சும்மா பாக்கறேம்மா."

நான் போய் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டேன். "வேணாம்ணே. இது என் வண்டி. நீங்க தொட வேணாம்."

"அடியே!" என்றார் மாமியார் வாசலில் இருந்து.

அவர் என் கணவரைப் பார்த்தார். மச்சான் தன் பக்கம் பேசுவான் என்று காத்திருந்தார். என் கணவர் வாயைத் திறக்கவில்லை. எப்போதும் திறக்காதவர்தான். ஆனால் அன்றைக்குத் தலையைக் குனிந்துகொள்ளாமல் நின்றார். மாப்பிள்ளை துணியை மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்தார். அந்தப் பெரிய கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அப்ப எனக்கு இங்க என்னம்மா வேலை?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். ஆனாலும் நான் நகரவில்லை.

"சாப்பிடுங்கண்ணே. உங்க மச்சான் வீட்டுக்குச் சாப்பிட வந்திருக்கீங்க. அதுக்கு மேல ஒரு வேலையும் வேணாம்."

உள்ளே அவருக்கு இலை போட்டிருந்தது. மாப்பிள்ளை வந்தால் முதல் இலை அவருக்குத்தான். அவர் உட்கார்ந்து கை வைத்தபிறகுதான் மற்றவர்களுக்கு. சோறு போட்டு, கறிக்குழம்பு ஊற்றி, தண்ணீரும் வைத்தாகிவிட்டது. அவர் உள்ளே வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சந்தில் இறங்கி நடந்தார்.

"மாப்பிள்ளை சாப்பிடாமப் போறாருடா! ஓடிப்போய்க் கூப்பிடுடா!" என்று மாமியார் அழுதார். என் கணவர் வாசல் வரைக்கும் போனார். அங்கேயே நின்றார். பிறகு திரும்பி வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். மாமியார் என் பக்கம் திரும்பி, "எடுடி அந்த இலையை. யாருக்கு இனிமே அது?" என்றார்.

நான் எடுக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, மாப்பிள்ளைக்குப் போட்ட இலையில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.